வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு எல்லாம் தெரியும்: சீனக் குடியிருப்பு ஒன்றில் தங்கிய அனுபவம்

துணி வாங்க ஷாவ்ஷிங் நகரத்தின் கெச்சியாவ் பகுதிக்குப் போகும் நம்மூர் வியாபாரிகள் பெரும்பாலும் ஓட்டலில்தான் தங்குவார்கள். காலையில் மார்க்கெட், மாலையில் இந்தியச் சாப்பாட்டுக் கடை, ராத்திரி அறை, அப்புறம் ஊர். என் சித்தப்பா மகன் அங்கேயே குடும்பத்தோடு இருந்து துணி ஏற்றுமதி செய்கிறான். அதனால் நான் அவன் வீட்டில் தங்கினேன். ஓட்டலில் தங்கியிருந்தால், சீனாவில் கண்காணிப்பு என்றால் கேமரா என்றே நினைத்துக்கொண்டு திரும்பியிருப்பேன். அங்கே கேமரா வருவதற்குப் பல காலம் முன்பிருந்தே ஆட்களை வைத்து நடக்கும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. குடியிருப்பில் தங்கினால்தான் அது கண்ணில் படும். எனக்கு மனதில் நின்றதும் அதுதான்.

முதல் வேலை பதிவு. விமான நிலையத்தில் 14 வயது முதல் 70 வயது வரையுள்ள வெளிநாட்டவரின் கைரேகையை 2018 முதல் எடுக்கிறார்கள். இது இப்போது பல நாடுகளில் உண்டு. ஆனால் ராத்திரி நாம் எந்த வீட்டில் தூங்குகிறோம் என்பதும் போலீசுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது பலருக்குப் புதிது. 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, ஓட்டலில் தங்கினால் ஓட்டல்காரரே பதிந்துவிடுவார். ஒருவர் வீட்டில் தங்கினால், தங்குபவரோ வீட்டுக்காரரோ 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். தவறினால் எச்சரிக்கை, அதோடு 2,000 யுவான் வரை அபராதமும் போடலாம். என் பாஸ்போர்ட், தம்பியின் வாடகை ஒப்பந்தம், அவனுடைய குடியிருப்பு அனுமதி எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்துவிட்டு, உறவுமுறை என்ன, எவ்வளவு நாள் என்று கேட்டு ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். வெளியே வந்ததும் தம்பி, "இந்தத் தாளை போட்டோ எடுத்து வச்சுக்குங்கண்ணா, யாராவது கேப்பாங்க" என்றான். கேட்டார்கள், ஆனால் கேட்டது போலீஸ் இல்லை.

அவன் இருக்கும் வளாகத்தில் பல அடுக்குக் கட்டடங்கள், எல்லோருக்கும் ஒரே வாசல். முகம் பார்த்தும் திறக்கும், அட்டை காட்டினாலும் திறக்கும். எனக்கு இரண்டும் இல்லை. தம்பி என்னை செக்யூரிட்டியிடம் கூட்டிப்போய் அறிமுகம் செய்துவைத்தான். அதோடு சரி, பிறகு என் தலை தெரிந்தாலே அவர் பொத்தானை அழுத்தித் திறந்துவிடுவார். வாசலுக்கு உள்பக்கம் வெயில் விழும் இடத்தில் மூங்கில் நாற்காலிகள் கிடக்கும். காலையிலேயே பாட்டிமார் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நான் போனது வசந்த காலம். நம்ம மொச்சைக்காய் மாதிரி ஒன்றைக் கூடை நிறைய வைத்துக்கொண்டு உரித்தபடியே போகிற வருகிற எல்லோரையும் பார்ப்பார்கள். அதில் ஒரு பாட்டி சில நாள் கையில் சிவப்புப் பட்டை கட்டியிருப்பார். பாதுகாப்புத் தன்னார்வலர் என்று அதில் எழுதியிருக்கும். பெய்ஜிங்கில் சாவ்யாங் பகுதியின் இப்படிப்பட்ட தன்னார்வலர்கள் போலீசுக்குத் துப்புக் கொடுப்பதில் நாடு முழுக்கப் பெயர் பெற்றவர்கள். போதைப்பொருள் வழக்கில் நடிகர்கள் பிடிபட்டபோது தகவல் தந்தது இவர்கள்தான் என்று போலீசே அறிவித்ததுண்டு.

ஒரு நாள் மார்க்கெட்டில் வேலை நீண்டு, மூன்று மணிக்கு மேல் கையில் ஒரு ரொட்டிப் பாக்கெட்டோடு திரும்பினேன். சாயங்காலம் தம்பியின் மனைவி கேட்டாள்: "மாமா, மத்தியானம் நீங்க சாப்பிடவே இல்லையாமே? கீழ பாட்டி சொன்னாங்க." பாட்டிக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. ஆனாலும் நான் எத்தனை மணிக்கு வந்தேன், கையில் என்ன இருந்தது, முகம் எப்படி இருந்தது எல்லாம் மாடி ஏறிப் போய்ச் சேர்ந்திருந்தது. அன்றைக்கு அது எனக்கு இதமாகவே இருந்தது.

அதே வாரத்தில் ஒரு மாலை கதவு தட்டப்பட்டது. ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண், கழுத்தில் அடையாள அட்டை, கையில் போன். செருப்புக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போனார். அடுப்புக்குக் கீழே குனிந்து காஸ் குழாயின் தேதியைப் பார்த்தார், சீக்கிரம் மாற்றச் சொன்னார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டபடியே என்னைப் பார்த்தார். தம்பி அந்தப் பதிவுத் தாளைக் காட்ட, அதைப் படம் எடுத்துக்கொண்டார். பையன் எந்தப் பள்ளி, மோசடி போன் ஏதும் வந்ததா என்றெல்லாம் விசாரித்து ஒவ்வொன்றையும் போனில் தட்டினார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். எனக்கு என்ன வயது, எத்தனை குழந்தைகள், மாதம் எவ்வளவு வரும், சொந்த வீடா? தம்பி மொழிபெயர்க்க மொழிபெயர்க்க நானும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். டீ கொடுத்தோம், வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அவர் போனதும் எனக்கு மனம் கொஞ்சம் கசந்தது. காஸ் குழாய் பார்க்க வந்தவருக்கு என் பாஸ்போர்ட் விவரம் எதற்கு? கேட்டேன். தம்பி மனைவி உடனே பதில் சொல்லவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். போன குளிர்காலத்தில் தம்பி ஊருக்குப் போயிருந்தபோது பையனுக்கு நடுராத்திரியில் காய்ச்சல் ஏறிவிட்டதாம். கட்டடத்தின் வீசாட் (நம்ம வாட்ஸ்அப் மாதிரியான செயலி) குழுவில் எழுதியதும் இதே பெண் காரோடு வந்து, ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று, டாக்டரிடம் பேசி, விடியும் வரை கூடவே இருந்தாராம். "அந்தக்கா இல்லைன்னா என்ன பண்ணியிருப்பேன்னே தெரியலைங்க மாமா. அதே அக்காதான் நம்ம வீட்டுக்கு யாரு வந்தா, யாரு போனான்னு மேல எழுதி அனுப்பறாங்க. ரெண்டுமே அவங்க வேலைதானுங்க."

சீனாவின் கண்காணிப்பைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். இந்த அளவுக்கு விளங்கும்படி யாரும் சொன்னதில்லை.

அந்தப் பெண்ணின் வேலை கட்டப் பொறுப்பாளர் என்று வைத்துக்கொள்ளலாம். ஊரைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் ஆளை வைக்கும் முறை இது. 2004-இல் பெய்ஜிங்கின் தோங்செங் பகுதியில் சுமார் பத்தாயிரம் சதுர மீட்டர் கட்டங்களாகப் பிரித்துத் தொடங்கினார்கள். உடைந்த சாக்கடை மூடி, எரியாத தெருவிளக்கு இதையெல்லாம் உடனே கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான் அப்போது நோக்கம். பிறகு சாக்கடை மூடியோடு மனிதர்களும் அந்தக் கணக்கில் சேர்ந்தார்கள். இன்றைக்கு ஒரு கட்டத்தில் பொதுவாக முந்நூறு முதல் ஐந்நூறு குடும்பங்கள் இருக்கும். தனியாக இருக்கும் முதியவர் யார், வாடகைக்கு வந்தவர் யார், சிறையிலிருந்து திரும்பியவர் யார், மேலிடத்துக்கு அடிக்கடி மனுப் போடுபவர் யார் எல்லாம் அந்தப் போனில் இருக்கும்.

இதற்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. அதன் பல முக்கிய இடங்கள் நான் தங்கிய செஜியாங் மாகாணத்திலேயே இருந்ததால் தேடிப் போக வசதியாக இருந்தது. கெச்சியாவிலிருந்து ஹாங்சோ பக்கம்தான். அங்கே பழைய நகரத்துக்குள் ஷாங்யாங்ஷி என்று ஒரு தெரு. மக்கள் சீனக் குடியரசு பிறந்த அதே மாதத்தில், 1949 அக்டோபர் 23 அன்று, நாட்டின் முதல் குடியிருப்போர் குழு அந்தத் தெருவில்தான் அமைந்தது. 1954-இல் இந்தக் குழுக்களுக்கு நாடு தழுவிய விதிமுறை வந்தது. சட்டப்படி இவை மக்களின் சுயாட்சி அமைப்புகள். நடைமுறையில் பணமும் உத்தரவும் மேலே உள்ள அரசு அலுவலகத்திலிருந்துதான் வருகின்றன. தெரு சுத்தம், அண்டை வீட்டுச் சண்டை, முதியவர் நலன் எல்லாம் இவர்கள் பார்த்தார்கள். ஒரு குழந்தைக் கொள்கை இருந்த காலத்தில் எந்த வீட்டுப் பெண் கர்ப்பமாக இருக்கிறாள் என்பதையும் இவர்கள்தான் பார்த்தார்கள். அந்தத் தெருவில் நடக்கும்போது எனக்கு அதுதான் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவின் கண்ணுக்குப் பயந்து வயிற்றை மறைத்த பெண்கள் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார்கள். வாசலில் காய் உரிக்கும் பாட்டிமாரின் வயதுதான் அவர்களுக்கு இருக்கும்.

இன்னும் பின்னால் போனால், சோங் வம்சத்து அமைச்சர் வாங் அன்ஷி 1070 வாக்கில் பத்து வீட்டை ஒரு தொகுப்பாக்கி, ஒருவர் குற்றம் செய்து மற்றவர் சொல்லாமல் இருந்தால் அவர்களுக்கும் தண்டனை என்று வைத்தார். 1930-களில், கம்யூனிஸ்டுகளுக்கு முன்பு ஆண்ட குவோமின்டாங் கட்சியின் ஆட்சி அதே முறையைத் தூசி தட்டி எடுத்தது. ஆட்சிகள் மாறினாலும் இந்தப் பழக்கம் போகவே இல்லை.

ஷாவ்ஷிங்குக்கு உட்பட்ட சூஜியில் ஃபெங்சியாவ் என்று ஒரு சிற்றூர். 1963-இல் அங்கே, நிலக்கிழார், பணக்கார விவசாயி, எதிர்ப்புரட்சியாளர் என்று முத்திரை குத்தப்பட்டவர்களைக் கைது செய்து அனுப்பாமல், ஊராரே கண்காணித்துத் திருத்துவது என்று ஒரு முறையைக் கடைப்பிடித்தார்கள். மாவோ அதைப் பாராட்டி நாடு முழுக்கப் பரப்பச் சொன்னார். 2003-இல் செஜியாங் கட்சிச் செயலாளராக இருந்த ஷி ஜின்பிங் அதற்குப் புது உயிர் கொடுத்தார். சின்னப் பிரச்சினை கிராமத்தைத் தாண்டக் கூடாது, பெரிய பிரச்சினை சிறுநகரத்தைத் தாண்டக் கூடாது என்பது இன்றைக்கு அதன் கோஷம். காவல் நிலையச் சுவர்களிலும் சமரச மையங்களிலும் இந்த ஊரின் பெயரைப் பார்க்கலாம். பிரச்சினையை ஊருக்குள்ளேயே முடிப்பது நல்லதுதானே என்று தோன்றும். பலருக்கு அது நல்லதாகவும் இருக்கிறது, கோர்ட்டுக்கு அலையாமல் வாய்க்கால் தகராறு தீர்கிறது. ஆனால் தகராறு உள்ளூர் அதிகாரியோடு என்றால்? அவரைத் தாண்டி மேலே போகவிடாமல் தடுப்பதும் இதே ஏற்பாடுதான்.

கேமரா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். எங்கும் இருக்கிறது. ரயில் டிக்கெட் 2012 முதல் அடையாள எண்ணோடுதான், புது சிம் வாங்கினால் 2019 டிசம்பர் முதல் முகத்தை ஸ்கேன் செய்ய வேண்டும். மெட்ரோவில் ஒவ்வொரு முறையும் பை ஸ்கேனருக்குள் போகும். கேமராவையும் ஊராரின் கண்ணையும் ஒன்றாக்கிய இடமும் உண்டு. ஷாண்டோங் மாகாணத்தின் பிங்யி வட்டத்தில் தெருக் கேமரா காட்சிகளைக் கிராமத்து வீட்டு டிவிகளில் இணைத்துவிட்டார்கள். சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் வீட்டிலிருந்தே தகவல் கொடுக்கலாம். தொழில்நுட்பம் தவறாதது என்றும் நினைக்க வேண்டாம். 2018-இல் நிங்போ நகரத்தில், சிக்னலை மீறித் தெருவைக் கடந்தவர் என்று ஒரு பெரிய நிறுவனத் தலைவியின் முகத்தைத் திரையில் போட்டார்கள். அவர் அங்கே இல்லவே இல்லை. பேருந்தில் ஒட்டியிருந்த விளம்பரத்திலிருந்த அவர் முகத்தைக் கேமரா பிடித்திருந்தது.

இங்கே இன்னொன்று. ஒவ்வொரு சீனருக்கும் அரசு ஒரு மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறது என்று நம்மூரில் பலர் நம்புகிறார்கள். அப்படி நாடு தழுவிய ஒற்றை மதிப்பெண் கிடையாது. சில நகரங்கள் தனியாகப் புள்ளி முறைகளை முயன்று பார்த்தன. உண்மையில் கடுமையாக வேலை செய்வது 2013-இல் தொடங்கிய நீதிமன்றக் கறுப்புப் பட்டியல். கட்ட வேண்டிய பணத்தைக் கட்டாமல் ஏய்ப்பவருக்கு விமான டிக்கெட்டும் அதிவேக ரயில் டிக்கெட்டும் கிடைக்காது. அங்குள்ள வியாபாரிகள் பலர் இதை வரவேற்கிறார்கள், பாக்கி வசூலாகிறதே.

அப்படியானால் அங்கே மனிதர்களுக்குத் தனிமை என்பதே வேண்டாமா? வேண்டும், நிறையவே வேண்டும். அதற்கு அவர்கள் கோடு போடும் இடம்தான் வேறு.

ஹாங்சோவில் வான்சோங் என்று ஒரு பழைய கல்விக்கூடம் இருக்கிறது. லியாங் ஷான்போ, சூ யிங்தாய் என்ற காதலர்கள் சேர்ந்து படித்ததாகக் கதை சொல்லும் இடம். அங்கே வார இறுதியில் பெற்றோர் கூடிப் பிள்ளைகளுக்கு வரன் தேடுகிறார்கள். ஒரு தாளில் பிறந்த வருடம், உயரம், படிப்பு, சம்பளம், வீடு எங்கே, கார் உண்டா, முன்பு கல்யாணம் ஆனதா என்று எல்லாவற்றையும் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். வழியில் போகிறவர் எல்லாம் நின்று படிக்கலாம். பல பிள்ளைகளுக்குத் தங்கள் தாள் அங்கே தொங்குவதே தெரியாதாம். கல்யாண மாலைக்கும் ஜாதகப் பரிவர்த்தனைக்கும் பழகிய எனக்கு இதில் அதிர்ச்சி எதுவும் இல்லை. சம்பளம் எவ்வளவு, ஏன் ஒரே பிள்ளை என்ற கேள்விகளும் அப்படித்தான். அவை அங்கே அக்கறையின் கேள்விகள். ஐரோப்பியர்கள் இந்தக் கேள்விகளுக்குத் திகைப்பதாகத் தம்பி சொல்வான்.

ஆனால் அதே ஆட்கள் வேறோர் இடத்தில் காட்டும் கவனத்தைப் பாருங்கள். தம்பியின் பக்கத்து வீட்டுப் பெண், வங்கியில் வேலை பார்ப்பவர், பார்சல் வந்தால் அட்டைப்பெட்டியை அப்படியே குப்பையில் போடமாட்டார். சின்ன உருளை மை ஒன்று வைத்திருக்கிறார். முகவரிச் சீட்டின் மேல் இரண்டு முறை உருட்டினால் பெயரும் எண்ணும் கறுப்புக் கிறுக்கலில் மறைந்துவிடும். அப்புறம்தான் பெட்டி குப்பைக்குப் போகும். இது அங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. தகவல் திருட்டைப் பற்றிய பயம் அவ்வளவு. 2016-இல் ஷாண்டோங்கில் கல்லூரியில் சேரவிருந்த ஓர் இளம்பெண்ணின் விவரம் திருடப்பட்டது. உதவித்தொகை தருவதாகப் போனில் பேசி 9,900 யுவானை ஏமாற்றிவிட்டார்கள். போலீசில் புகார் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியிலேயே அவள் மயங்கி விழுந்து, பிறகு இறந்துபோனாள். நாடே கொதித்தது. தனிநபர் தகவல் என்றாலே அங்குள்ள சாதாரண ஆளுக்கு முதலில் நினைவு வருவது அரசு இல்லை, இந்த மோசடிக்காரன்தான்.

நிறுவனங்களை எதிர்த்து அவர்கள் கோர்ட்டுக்கும் போகிறார்கள். குவோ பிங் என்ற சட்டப் பேராசிரியர் ஹாங்சோ விலங்குப் பூங்காவுக்கு வருட டிக்கெட் வாங்கியிருந்தார். கைரேகை வைத்து நுழையலாம் என்று சொன்ன பூங்கா, 2019-இல் இனி முகத்தை ஸ்கேன் செய்தால்தான் நுழைவு என்று மாற்றியது. வழக்குப் போட்டார். 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருடைய முகத் தகவலையும் கைரேகையையும் அழிக்கச் சொல்லி, 1,038 யுவான் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. தொகை சின்னதுதான். ஆனால் அதே ஆண்டு உச்ச மக்கள் நீதிமன்றம், குடியிருப்பு வாசலில் முக ஸ்கேனை மட்டுமே ஒரே வழியாக வைக்கக் கூடாது, வேண்டாம் என்பவருக்கு வேறு வழி தர வேண்டும் என்று விளக்கம் வெளியிட்டது. தம்பி வளாகத்தில் அட்டையும் செல்லுபடியாவதற்கு இந்தப் பின்னணி உண்டு. 2021 நவம்பரில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 ஜூனில் முக அடையாளத்துக்கென்றே தனி விதிகளும் வந்தன.

சட்டத்தின் கை நிறுவனங்கள் வரை நீள்கிறது. அரசின் வாசலில் நின்றுவிடுகிறது. என் வருத்தமெல்லாம் இங்கேதான். 2022 ஜூனில் ஹெனான் மாகாணத்தில் சில கிராம வங்கிகளில் போட்ட பணத்தை எடுக்க முடியாதவர்கள் செங்சோ நகரத்துக்குப் போய் முறையிடக் கிளம்பினார்கள். தொற்றுநோய்க்காக ஒவ்வொருவர் போனிலும் இருந்த சுகாதாரக் குறியீடு அவர்களுக்கு மட்டும் திடீரென்று சிவப்பானது. சிவப்பானால் ரயில் ஏற முடியாது, அறை எடுக்க முடியாது. நோய் எதுவும் இல்லை. 1,317 பேருக்கு இப்படிச் செய்திருந்தது பிறகு அதிகாரபூர்வமாகவே ஒப்புக்கொள்ளப்பட்டது. ஐந்து அதிகாரிகளைத் தண்டித்தார்கள். இது வெளியே வந்ததற்குக் காரணம் மக்கள் கொந்தளித்ததுதான். நோயாளியைக் காப்பாற்ற என்று சேகரித்த தகவல் போராடுபவரை நிறுத்தப் பயன்பட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அக்காவின் போனிலும் எல்லா வீட்டுத் தகவலும் இருக்கிறது. அந்த அக்கா நல்லவர். அவர் அனுப்பும் தகவல் எங்கே போய்ச் சேர்கிறது, எவ்வளவு காலம் இருக்கும், அதில் தப்பிருந்தால் யாரிடம் சொல்லித் திருத்துவது என்பது அவருக்கே தெரியாது.

இந்த ஏற்பாடு கருணையே இல்லாமல் வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு வடமேற்கு சீனாவின் சின்ஜியாங் பகுதி இருக்கிறது. நான் போனதில்லை. ஆனால் அங்கே போலீஸ் பயன்படுத்திய செயலியைப் பிரித்துப் பார்த்து மனித உரிமைக் கண்காணிப்பகம் (ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்) என்ற அமைப்பு 2019-இல் வெளியிட்ட அறிக்கையைப் படித்திருக்கிறேன். அதிக மின்சாரம் செலவழிப்பது, முன்வாசலை விட்டுப் பின்வாசலில் போவது எல்லாம் சந்தேகக் குறியாகப் பதிவாயின. அதிகாரிகள் உய்குர் முஸ்லிம் வீடுகளில் போய்த் தங்கி, உறவினர் என்று சொல்லிக்கொண்டு உள்ளே நடப்பதைக் குறித்துக்கொண்டார்கள். அங்கே நடந்தவை மனித குலத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கக்கூடும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022 ஆகஸ்டில் சொன்னது. கெச்சியாவ் வளாகத்தின் இதமான முகத்தை மட்டும் எழுதிவிட்டு இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

சரி, போகிறவர்களுக்குச் சில விஷயங்கள்.

உறவினர் அல்லது நண்பர் வீட்டில் தங்குவதானால் பதிவை முதல் நாளே முடியுங்கள். இன்னொரு வீட்டுக்கு மாறினால் மறுபடி பதிய வேண்டும். ஷாங்காய் போன்ற சில நகரங்களில் போனிலேயே செய்யலாம். பிறகு விசா நீட்டிக்கப் போனாலும் அந்தத் தாளைக் கேட்பார்கள். நீங்கள் பதியாவிட்டால் உங்களுக்கு இடம் கொடுத்தவருக்கும் தொந்தரவு என்பதை மறக்க வேண்டாம். வெளிநாட்டவருக்கு அறை தரும் அனுமதி எங்களுக்கு இல்லை என்று ஓட்டல்கள் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2024-இல் அரசே அறிவுறுத்தியிருக்கிறது. அப்படி யாராவது சொன்னால் அதைச் சொல்லிப் பாருங்கள். ஓட்டலில் முகத்தை ஸ்கேன் செய்யச் சொன்னால், பாஸ்போர்ட் போதும் என்று அமைதியாகச் சொன்னால் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

பணம் கட்ட உதவும் அலிபே, வீசாட் செயலிகள் இரண்டையும் ஊரிலேயே போட்டு, பாஸ்போர்ட் சரிபார்ப்பையும் கார்டு இணைப்பையும் முடித்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே போய்ச் செய்தால் ஓடிபி வராமல் தவிப்பீர்கள். நீங்கள் வாங்கும் ஒவ்வொரு டீயும் உங்கள் பெயரில் பதிவாகும் என்பதையும் தெரிந்தே பயன்படுத்துங்கள். கொஞ்சம் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கத்தை வாங்க மறுப்பது அங்கே சட்டப்படி தவறு. கடைக்காரர் சில்லறை தேடுவார், ஆனால் வாங்கிக்கொள்வார். கூகுள், வாட்ஸ்அப் வேண்டுமென்றால் உள்ளூர் சிம்மை விட ரோமிங் சிம் எளிது. ரோமிங்கில் இணையம் அந்த சிம்மின் சொந்த நாடு வழியாகப் போவதால் இவை வேலை செய்யும்.

போனைப் பற்றி நான் கண்டிப்பாகச் சொல்வது இது: தேவையில்லாததை எடுத்துப்போகாதீர்கள். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள விதிகள்படி தேசியப் பாதுகாப்பு அதிகாரிகள் மின்னணுச் சாதனங்களைச் சோதிக்கலாம். சாதாரண வியாபாரியிடம் இதெல்லாம் நடப்பது அரிது. ஆனாலும் பழைய அரட்டைகள், அடுத்தவர் கொடுத்த ஆவணங்கள், கம்பெனி ரகசியங்கள் எதற்கு உங்களோடு எல்லை தாண்ட வேண்டும்? ராணுவ வளாகம், போலீஸ் நடவடிக்கை, கூட்டமாக யாராவது கோஷம் போடுவது எதையும் படம் எடுக்க வேண்டாம். டிரோனை ஊரிலேயே வைத்துவிடுங்கள்.

அங்குள்ள நண்பரிடம் அரசியலை நீங்களாகக் கிளறாதீர்கள், அதுவும் வீசாட்டில் வேண்டவே வேண்டாம். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். அவர் அதே வளாகத்தில், அதே கட்டத்தில் இருப்பார். 2017 அக்டோபர் முதல் குழுவில் போடப்படும் செய்திக்குக் குழுவை நடத்துபவரும் பொறுப்பு. தம்பி என்னைக் கட்டடக் குழுவில் சேர்க்கவே இல்லை. முதலில் எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது. காரணம் தெரிந்த பிறகு அவன் செய்தது சரி என்றுபட்டது. அங்கே மனம்விட்டுப் பேசியவர்களின் படத்தையும் பெயரையும் ஊருக்கு வந்து முகநூலில் போடுவதும் வேண்டாம். இந்தக் கட்டுரையில் சிலரைப் பற்றிய அடையாளங்களை நான் மாற்றியும் விட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

சொந்தக் கேள்விகள் கேட்டால் கோபப்பட வேண்டாம். சம்பளத்தைச் சொல்ல விருப்பமில்லையென்றால் குடும்பம் நடத்தப் போதும் என்று சொல்லிவிட்டு, உங்களுக்கு எத்தனை பேரப்பிள்ளைகள் என்று திருப்பிக் கேளுங்கள். பேச்சு மாறிவிடும், அவர்களுக்கும் சந்தோஷம்.

கடைசியாக, அங்குள்ளவர்களிடம் நான் கற்றுக்கொண்டு இங்கேயும் விடாமல் செய்வது ஒன்று. பாஸ்போர்ட் நகல் யாருக்குக் கொடுத்தாலும், அதன் குறுக்கே இது இன்ன ஆளுக்கு, இன்ன வேலைக்கு மட்டும் என்று பேனாவால் எழுதித் தேதி போட்டுக் கொடுக்கிறார்கள். எழுத்து படத்தின் மேலும் எண்ணின் மேலும் கொஞ்சம் ஏறியிருக்க வேண்டும், ஆனால் படிக்க முடிய வேண்டும். சரக்கு ஏஜென்ட், சிம் கடை, வாடகை வீட்டுக்காரர் யாரும் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை. ஊருக்கு வந்த பிறகு ஆதார் நகல் கேட்ட ஒரு கடையில் இப்படி எழுதிக் கொடுத்தேன். புதிதாகப் பார்த்தார்கள், ஆனால் வாங்கிக்கொண்டார்கள்.